சட்டமும் சித்திரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருவல்லிக்கேணியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் மிகச் சிறியது. பழைய ஓவியம் ஒன்றின் சட்டம் பழுதுபட்டுவிட்டால் அதைச் செப்பனிடுவதா, மாற்றுவதா என்னும் கேள்வியே அது. கவிஞர்கள் கூடிய அவையில் தச்சு வேலையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பழைய பாடல்களைப் பதிப்பிப்பவரும், பழைய வீடுகளைக் காப்பவரும், பழைய மரபில் நின்று புதிதாக எழுதுபவரும் ஏதேனும் ஒரு நாளில் இந்தக் கேள்வியின் முன் வந்து நின்றே தீர வேண்டும். அதை முதலில் மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டால், பிறகு எழுத்தில் வைத்துப் பார்ப்பது எளிதாகும்.

திருவல்லிக்கேணியில் எந்தப் பழைய வீட்டுக் கூடத்தையும் நினைத்துப் பார்க்கலாம். சுவரின் மேற்பகுதியில் வரிசையாகப் படங்கள்: இராமர் பட்டாபிஷேகம், ஆலிலைக் கண்ணன், இரவிவர்மாவின் இலட்சுமி, குடும்பத்துப் பெரியவர் ஒருவர். அவை மேற்புறம் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அண்ணாந்து வணங்குபவரின் கண்ணில் கண்ணாடியின் ஒளி கூசாமல் படம் தெரிய வேண்டும். படத்தின் பின்னே காற்றுப் புக வேண்டும். தூசி முகத்தில் படியக் கூடாது. இவ்வளவும் அந்தச் சாய்வில் அடங்கியிருக்கின்றன. இதை யாரும் நூலில் எழுதி வைக்கவில்லை. மாட்டியவர் கைக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் அப்படங்களில் ஒன்றன் மூலை விண்டு போகிறது. வீட்டார் அதைக் கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். “இதுக்குக் கண்ணாடி போடணும்” என்கின்றனர். பேச்சுத் தமிழ் அந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். சட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. கடைக்காரர், “பழசை எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாமா?” என்று கேட்கிறார். வீட்டார் தலையசைக்கின்றனர். நூறாண்டு இருந்த ஒன்று அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. எடுத்த சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பவர் அரியர்.

அந்த அரை நிமிடத்தைச் சற்று நீட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சட்டம் ஏன் பழுதுபடுகிறது? திருவல்லிக்கேணி கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. இங்குள்ள காற்றில் ஆண்டு முழுவதும் ஈரமும் உப்பும் உண்டு. மரம் ஈரத்தை உண்டால் பருக்கும், வறண்டால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அல்ல. இழை ஓடும் நீளவாட்டில் மாற்றம் மிகக் குறைவு, அகலவாட்டில் மிகுதி. சட்டத்தின் மூலையில் இரண்டு மரங்களை 45 பாகைச் சாய்வாக அறுத்துப் பொருத்தியிருப்பர். மரம் வற்றும்போது அம்மூலையின் உட்புறம் பிளவு காணும். ஐப்பசி மழையில் பருக்கும்போது வெளிப்புறம் காணும். ஆண்டுதோறும் இவ்வாறு இழுபட்டு இழுபட்டுப் பழைய வச்சிரப் பசை விட்டுவிடும். அதன் பின் பாரம் முழுவதையும் ஆணிகள் தாங்க வேண்டும். இரும்பாணியோ உப்புக் காற்றில் துரு ஏறிப் பருத்து மரத்தையே பிளக்கும். இவற்றோடு கறையான் வேறு. அது சுவர் வழியே ஏறிப் படத்தின் முதுகுப்புறமாகத்தான் நுழைகிறது. முகத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆக, மூலை விண்டுபோவது சட்டம் கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அன்று. அது தன் கடமையைச் செய்ததற்கே அடையாளம். பருத்தும் சுருங்கியும் படவேண்டிய பாட்டைத் தான் பட்டு, உள்ளிருக்கும் ஓவியம் படாமல் காத்திருக்கிறது. தேக்குச் சட்டத்தில் மூலை மட்டும் விட்டிருந்தால் ஆணிகளைக் களைந்து, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் ஒட்டி இறுக்கினால் அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். ஒரு பகுதி அரிக்கப்பட்டிருந்தால் அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் துண்டு சேர்க்கலாம். பல படங்கள் கீழே விழுவதற்குக் காரணம் சட்டமே அன்று, துருவேறிய கம்பிதான். கம்பியை மாற்ற வேண்டிய இடத்தில் சட்டத்தை மாற்றிவிடுவது அடிக்கடி நிகழ்வது.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொண்டால் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. மராட்டிய மன்னர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோசி ஆட்சியில் (1798–1832) செழித்த இக்கலைக்குப் பலகைப் படம் என்றே பெயர். பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கைப் பூசி, மேடிட்ட இடங்களில் கற்களைப் பதித்துத் தங்க ரேக்கை ஒட்டி, அதற்குப் பிறகே வண்ணம் தீட்டுவர். ஆகவே அது தட்டையான படம் அன்று; மேடு பள்ளம் உடையது. புதிய சட்டம் போடுபவர் கண்ணாடியை அதன்மேல் அழுத்திப் பொருத்தினால் கல் உதிரும், ரேக்கு விரியும். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தெடுத்தால் தெய்வத்தின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

பழைய வேலைக்காரர் சட்டத்தின் உட்புறக் காடியை ஆழமாக எடுத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மெல்லிய மரப்பட்டை ஒன்றை ஓடவிட்டிருப்பர். பலகையின் ஓரத்துக்கும் காடிக்கும் நடுவில் சிறிது இடமும் விட்டிருப்பர். பலகையும் மரந்தானே, அதற்கும் பருக்கவும் சுருங்கவும் இடம் வேண்டும். இடமின்றி நாற்புறமும் ஆணி அடித்து இறுக்கினால், அசைய வழியற்ற பலகை நடுவில் பிளக்கும். பழைய சட்டத்தைப் பார்ப்பவர்க்கு அந்த இடைவெளி கைப்பிசகு போலத் தோன்றும். புதிய சட்டத்தில் அதைத் ‘திருத்தி’ விடுகின்றனர். படம் பிளந்த பிறகுதான் அந்தத் தளர்வில் அறிவு இருந்தது என்பது தெரிகிறது.

கண்ணாடி ஓவியங்களின் செய்தி இதனினும் துயரமானது. அவற்றில் கண்ணாடியின் பின்புறத்தில், கடைசியில் தீட்டவேண்டிய நுணுக்கங்களை முதலிலும் பின்னணியைக் கடைசியிலுமாகத் தலைகீழ் வரிசையில் வரைந்திருப்பர். அங்கே படத்துக்கு வேறாகக் கண்ணாடி இல்லை; கண்ணாடியே படம். அதை அறியாதவர் கையில் அழுக்குக் கண்ணாடி என்று ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, இருநூறு ஆண்டு வரலாறு கொண்ட ஒரு மரபின் சான்று ஒரே துடைப்பில் அழிந்து போவதுண்டு. எது படம், எது சட்டம், எது காப்பு என்று அறிந்த பின்னரே கைவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

சட்டத்தின் முதுகுப்புறத்தையும் மறத்தல் ஆகாது. படத்தின் முகத்தை எல்லாரும் பார்க்கின்றனர். முதுகைச் சட்டம் மாற்றுபவர் மட்டுமே பார்க்கிறார். அங்கே சில சமயம் கண்ணாடி போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கும். பின்னட்டைக்கு அடியில் பழைய செய்தித்தாள் இருக்கும். அதன் தேதியே படத்தின் வயதுக்குச் சான்றாகும். ஒரு பிறந்த நாளோ மணநாளோ பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய இரவிவர்மா அச்சகத்தின் படங்கள் ஒரே அச்சில் வந்தவை. ஆயினும் ஒரு வீட்டுப் படம் மற்றொரு வீட்டுப் படம் அன்று. சில வீடுகளில் அச்சிட்ட இலட்சுமிக்குச் சரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்தனர். அச்சகம் தந்தது ஒரு படம். அதைத் தம் வீட்டுத் தெய்வமாக ஆக்கிக்கொண்டது அந்தக் கைகளும் அந்தச் சட்டமும்தாம். பின்னட்டையைக் குப்பையில் எறிபவர் ஒரு குடும்பத்தின் கையெழுத்தை எறிகிறார்.

இதற்கு மறுதலையும் உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பல பிரிக்கப்பட்ட காலத்தில், அவற்றின் பொருள்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே பர்மாத் தேக்கில் கடைந்த சட்டங்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றை வாங்குபவர் பலர் உள்ளிருக்கும் படத்துக்காக வாங்குவதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி பதிப்பதற்கு வாங்குகின்றனர். படம் ஒரு திசையிலும் சட்டம் ஒரு திசையிலும் போகின்றன. படத்துக்காகச் சட்டத்தை இழப்பதும், சட்டத்துக்காகப் படத்தை இழப்பதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

சட்டத்துக்காகப் படத்தையே வெட்டிய கதை ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ என்னும் பேரோவியம் 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே இரு கதவுகளுக்கு இடைப்பட்ட சுவரில் அது அடங்கவில்லை. எனவே நான்கு பக்கமும் ஓவியத்தை அரிந்துவிட்டனர். இடப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் போயிற்று; அதோடு இரு காவலர் உருவங்களும் போயின. நடுவிலிருந்து சற்று விலகி நடந்து வந்துகொண்டிருந்த தலைவன், வெட்டியபின் நடுவில் நின்றுவிட்டான். படத்தின் நடையே நின்றது. வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. முன்பே ஒருவர் அவ்வோவியத்தைச் சிறிய அளவில் படியெடுத்து வைத்திருந்ததால்தான் இழந்தது எதுவென்று தெரிய வந்தது. 2021-இல் அந்த நகரின் அருங்காட்சியகத்தார் படியின் துணையால், கணிப்பொறி கொண்டு, இழந்த பகுதிகளை மறுபடி உருவாக்கினர். ஆனால் அவற்றை மூல ஓவியத்தோடு ஒட்டவில்லை. தனிப் பலகைகளாக அருகில் நிறுத்தி, சில மாதம் காட்டிவிட்டு எடுத்துவிட்டனர். நிரப்பியது நிரப்பியதாகவே தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் பழங்கட்டடங்களுக்கு வகுத்த நெறியும் இதுவே: புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இயைந்திருக்க வேண்டும்; ஆனால் பழையது போல ஏமாற்றக் கூடாது.

இந்த நெறியைத் தமிழ் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. அதை அறிந்தவர் பின்னாளில் இதே திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர்.

ஓலைச்சுவடியின் மேலும் கீழும் வைக்கும் மரப்பலகைகளுக்கும் சட்டம் என்றே பெயர். கம்பை என்றும் சொல்வர். சுவடிக்கும் ஓவியத்துக்கும் ஒரே காப்பு, ஒரே பெயர். அச்சட்டங்களை அவிழ்த்து, உள்ளிருந்த ஏடுகளை அச்சேற்றியவர் உ.வே. சாமிநாதையர். 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆம் பாடல்கள் ஏடுகளில் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. தமிழ் யாப்பில் அவருக்கிருந்த பயிற்சிக்கு அந்த இடங்களைத் தாமே நிரப்பியிருக்கலாம். பலர்க்கு வேறுபாடு தெரிந்திராது. அவர் நிரப்பவில்லை. இல்லாத பாடல்களின் எண்களை இல்லாதவையாகவே விட்டார். சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். இன்றும் அந்நூலைப் பயில்பவர் 266-லிருந்து 269-க்குத் தாவும்போது ஒரு கணம் நிற்கிறார். அந்த நிறுத்தமும் நூலின் பகுதியே. இழப்பை மறைக்காமல் காத்தமையால்தான் எஞ்சியதை ஐயமின்றி நம்ப முடிகிறது.

அப்படியானால் பிற்காலத்தார் சேர்த்தவற்றையெல்லாம் களைந்துவிட வேண்டுமா? இல்லை. இதற்கும் அதே நூல் விடை தருகிறது. புறநானூற்றின் முதற்பாடல் பாரதம் பாடிய பெருந்தேவனார் இயற்றிய கடவுள் வாழ்த்து. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு ஆகியவற்றுக்கும் வாழ்த்துப் பாடியவர் அவரே. அவை தொகை நூல்களின் பாடல்களுக்குக் காலத்தால் பிற்பட்டவை. சித்திரத்துக்குப் பின்னால் வந்த சட்டங்கள். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை எது, துறை எது என்று ஒவ்வொரு பாடலின் அடியிலும் காணும் குறிப்புகளும் பாடலுக்குப் புறத்தே நிற்பவை. இவற்றையெல்லாம் பிற்சேர்க்கை என்று நீக்கிவிட்டால் எஞ்சுவது தூய மூலமாக இருக்கலாம்; ஆனால் எந்த மன்னனைப் பற்றி எந்தப் புலவர் எந்த வேளையில் பாடினார் என்று தெரியாமல் பல பாடல்கள் ஊமையாகிவிடும். பின்னால் வந்த சட்டமும் நெடுங்காலம் தாங்கி நின்றால் படத்தின் வரலாற்றில் இடம் பெற்றுவிடுகிறது. அதன் வயதை மறைக்காமல் அதைப் போற்றுவதே முறை.

இனி, இதே ஊரின் இரண்டு வீடுகளைச் சொல்லியாக வேண்டும். வீடும் ஒரு சட்டமே. உள்ளே வாழ்ந்தவரின் வாழ்வை அது தாங்கி நிற்கிறது.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் தம் இறுதி நாள்களைக் கழித்து, 1921 செப்டம்பரில் மறைந்த வீடு இருக்கிறது. அரசு அதை ஏற்றுச் செப்பனிட்டு 1993-இல் நினைவில்லமாகத் திறந்தது. பாரதி இருந்தபோது இருந்த சுவர் இது, பின்னால் பூசிய சுவர் இது என்று பிரித்துச் சொல்லுவது வருபவர்க்கு எளிதன்று. ஆயினும் தெருவும் இடமும் எஞ்சின. வாசலில் நிற்பவர்க்கு, ‘இங்கிருந்து’ என்னும் சொல் பொருளுடையதாக இருக்கிறது.

பிள்ளையார் கோயில் தெருவில் உ.வே.சா. நெடுங்காலம் வாழ்ந்த வீடு இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்தை அவருக்குக் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரின் நன்றி நினைவாக அதற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்திருந்தார். ஏடுகளும் கடிதங்களும் குறிப்புகளும் நிறைந்த வீடு அது. போர் அச்சத்தால் 1942-இல் அவர் திருக்கழுக்குன்றம் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 28-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய ஏடுகள் அழியவில்லை. 1943-இல் அவர் பெயரால் தொடங்கிய நூலகம் அவற்றைக் காத்து வருகிறது. இன்று பெசன்ட் நகரில் சென்று காணலாம். ஆனால் வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. சித்திரம் தப்பியது, சட்டம் போயிற்று.

“ஏடுகள் இருக்கின்றனவே, சுவர் போனால் என்ன?” என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஏடுகள் போய்ச் சுவர் மட்டும் நின்றிருந்தால் அது பேரிழப்பாகியிருக்கும். ஆனால் நன்றிக்கு ஒரு வீட்டின் உருவம் கொடுத்து, அதன் நெற்றியில் ஆசிரியர்க்கு நிகரான ஒருவரின் பெயரை எழுதிய செயல் எந்த ஏட்டிலும் அடங்காது. அது அந்தச் சுவரில்தான் இருந்தது. படத்தின் முதுகில் பென்சிலால் எழுதிய எழுத்தைப் போல, அதுவும் சட்டத்தோடு போய்விட்டது. அதைப் புதுப்பித்துக் கட்டியிருந்தாலும் குறையுடையதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் குறையுள்ள வீடு, புறநானூற்றின் புள்ளிகளைப் போல, வருபவரை ஒரு கணம் நிறுத்தியிருக்கும்.

இவ்வளவும் கூறியதிலிருந்து, பழைய சட்டத்தை ஒருபோதும் மாற்றலாகாது என்பது முடிவன்று. பாரம் தாங்காத சட்டம் படத்தையே கீழே தள்ளும். முழுதும் கறையான் அரித்ததை வைத்திருப்பது அடுத்த படத்துக்கும் கேடு. அமிலம் ஊறிய பின்னட்டை தாளைப் பழுப்பாக்கும். இவற்றை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இங்கு வேண்டுவது. கெட்டது எது: சட்டமா, ஆணியா, கம்பியா, பின்னட்டையா? கெட்ட பகுதியை மட்டும் மாற்ற இயலுமா? மாற்றியதை நாளை ஒருவர் படத்துக்கு ஊறின்றி மறுபடி கழற்ற இயலுமா? கழற்ற முடியாதபடி ஒட்டுபவர், தமக்குப் பின் தம்மைவிட அறிந்தவர் வரமாட்டார் என்று கருதுகிறார். பழைய தச்சர் வெந்நீரில் இளகும் வச்சிரத்தால் ஒட்டினார். தாம் ஒட்டியதைப் பின்னால் வருபவர் பிரிப்பதற்கும் அவர் வழி வைத்திருந்தார்.

இலக்கிய வட்டம் என்பதும் ஒரு சட்டந்தான். அது பாடல் அன்று, பாடலைத் தாங்குவது. பத்தாண்டு என்பது மூலைகள் விடத் தொடங்கும் வயது. கூட்டம் நடந்த இடங்கள் மாறியிருக்கும். சில நாற்காலிகள் காலியாகியிருக்கும். கையெழுத்து ஏடுகளில் பக்கங்கள் விடுபட்டிருக்கும். அவற்றைக் கண்டு அனைத்தையும் புதிதாக்க வேண்டியதில்லை. விட்ட மூலையை இறுக்கினால் போதும். கவிதைக்குச் சற்று அசைய இடம் விட்டு இறுக்க வேண்டும். இல்லாதவர் இடத்தை வேறொருவர் பெயரால் மறைக்காமல், புள்ளியிட்டுக் காட்ட வேண்டும். இந்த மலரின் பின்னட்டையிலும் யாரேனும் ஒருவர் பென்சிலால் தேதி எழுதி வைப்பாராக. ஐம்பது ஆண்டுக்குப் பின் இதைப் பிரித்துக் கட்டுபவர்க்கு அது உதவும்.